வெள்ளைப் பின்னணியை நீக்கும்போது பனியனில் ஓட்டை விழுவது ஏன்?

திருப்பூரில் காணொளித் தொகுப்பு செய்பவர்களிடம் இந்தக் கோரிக்கை அடிக்கடி வருகிறது: "வெள்ளைத் துணிக்கு முன்னால் எடுத்துவிட்டோம், பின்னணியை மட்டும் நீக்கிக் கொடுங்கள்." முதல் தவறு, வெள்ளையையும் பச்சைத் திரையைப் போலவே கருதிக் குரோமா கீ போடுவதாகும். குரோமா கீ சாயலை, அதாவது சிவப்பா பச்சையா நீலமா என்ற நிற வகையை வைத்துப் பிரிக்கிறது. சிவப்பும் பச்சையும் நீலமும் சம அளவில் கலந்த வெள்ளைக்கோ சாயலே கிடையாது. எனவே வெளிச்சத்தின் அளவை வைத்துப் பிரிக்கும் லூமா கீயைத்தான் நாட வேண்டும். அது பின்னணியோடு நிற்பதில்லை. நெற்றியின் பளபளப்பு, பல், கண்ணின் வெண்மை என்று வெளிச்சமான எதையும் சேர்த்தே எடுத்துவிடும்.

வெள்ளைப் பனியன் அணிந்த ஒருவரின் காட்சியை நான் அப்படித்தான் கெடுத்தேன். சாம்பல் நிறத்தின் மேல் வைத்துப் பார்த்தபோது குறை தெரியவில்லை. கருநீலத்தின் மேல் வைத்ததும் விளக்கொளி பட்ட இரு தோள்களிலும் காசளவு ஓட்டைகள் தெரிந்தன. உடலின் உட்பகுதிக்குத் தனி மாஸ்க் (கீ தொடாத எல்லை) வரைந்து, அதை முழுமையாகக் காத்து, லூமா கீயை விளிம்புக்கு மட்டும் விட்டிருக்க வேண்டும். கருங்கூந்தலில் லூமா கீ நன்றாகவே வேலை செய்யும். நிறத் தகவலைக் குறைத்துச் சேமிக்கும் 4:2:0 பதிவில் நான்கு பிக்சலுக்கு ஒரு நிறத் தகவல்தான் உண்டு என்றாலும், வெளிச்சத் தகவல் ஒவ்வொரு பிக்சலுக்கும் இருக்கிறது. ஆனால் வெள்ளைத் துணி வெள்ளைத் திரையைத் தொடும் இடத்தில் எந்தக் கீயும் உதவாது. அங்கே பிரேம் பிரேமாக எல்லையைக் கையால் வரையும் ரோட்டோதான் வழி. நொடிக்கு 25 பிரேம் என்றால், பத்து நொடிக்கு 250 பிரேம்களைப் பார்த்தாக வேண்டும். டாவின்சி ரிசால்வ் மென்பொருளில் ஆளைத் தானாகப் பிரித்தெடுக்கும் மேஜிக் மாஸ்க் வேலையைக் குறைக்குமே தவிர, பார்வையிடுவதிலிருந்து நம்மை விடுவிக்காது.

விளிம்பில் வெள்ளைக் கோடு தெரிந்தவுடன் மேட் எனப்படும் வெட்டு வடிவத்தை நான்கைந்து பிக்சல் சுருக்குவது அடுத்த தவறு. கோடு போகும், கூடவே தலைமுடியும் போகும். விளிம்புப் பிக்சலில் உடலின் நிறமும் பின்னணி வெள்ளையும் கலந்திருப்பதே காரணம் என்பதால், கலந்த வெள்ளையைக் கழிக்க வேண்டும். ஆப்டர் எஃபெக்ட்ஸ் மென்பொருளில் அதற்கு ரிமூவ் கலர் மேட்டிங் என்ற எஃபெக்ட் இருக்கிறது.

தரையில் விழுந்த நிழலையும் சேர்த்துத் துடைத்துவிட்டால் ஆள் அந்தரத்தில் மிதப்பார். காட்சியின் ஒரு நகலை, பின்னணியோடு பெருக்கிக் கலக்கும் மல்டிப்ளை முறையில் ஆளின் அடுக்குக்குக் கீழே வைத்தால் வெள்ளை தானாகவே மறைந்து நிழல் தங்கும். அந்த வெள்ளை உச்ச வெளிச்ச அளவான 255-ஐ எட்டாமல் 230-இல் நின்றால் புதுப் பின்னணி முழுவதும் அழுக்காகத் தெரியும் என்பதால், முதலில் வெளிச்ச அளவைத் திருத்தும் லெவல்ஸில் அதை உயர்த்திக்கொள்ள வேண்டும்.

இவ்வளவும் செய்து முடித்த பிறகு வழக்கமான ஹெச்.264 எம்பி4 கோப்பாக வெளியேற்றுபவர்களும் உண்டு. அந்த வடிவம் ஒளிபுகு தகவலை, அதாவது எந்தப் பகுதி வெறுமையாக இருக்க வேண்டும் என்பதைத் தாங்குவதில்லை. காணொளி வடிவங்களில் புரோரெஸ் 4444 தாங்கும், புரோரெஸ் 422 தாங்காது. தவறான கோப்பை அனுப்பினால், நீக்கிய வெள்ளைக்குப் பதிலாகப் பனியனுக்குப் பின்னால் கறுப்பு நிற்கும்.