கட்டத்திலிருந்து தொடங்குங்கள்: ஊர் வீடுகளை வரைந்து காலண்டர் போடும் முறை

காலண்டர் போட ஆசைப்படும் ஓவியர்கள் பன்னிரண்டு படத்தையும் வரைந்து முடித்துவிட்டு, கடைசியில் தேதிக் கட்டத்துக்கு இடம் தேடுகிறார்கள். நான் தலைகீழாகச் சொல்வேன். முதலில் கட்டத்தைப் போடுங்கள். மாதக் காலண்டர் பெரும்பாலும் அடுப்படிக்குப் போகும் வழியில் உள்ள சுவரில்தான் தொங்கப் போகிறது. பால் எத்தனை பாக்கெட், கேஸ் சிலிண்டர் என்றைக்கு வந்தது, வேலைக்கு வரும் அம்மா எந்த நாள் விடுப்பு என்பதெல்லாம் அந்தக் கட்டத்துக்குள்தான் எழுதப்படும். எழுத இடமில்லாத காலண்டர், படம் எவ்வளவு அழகாக இருந்தாலும், பொங்கல் கழிந்ததும் பரணுக்குப் போய்விடும்.

நான் காரைக்குடிப் பக்கம் பள்ளியில் ஓவிய ஆசிரியராக இருந்து ஓய்வுபெற்றவன். செட்டிநாட்டு வீடுகளையும் சுற்றுவட்டாரத்துக் கோயில், கோட்டை, ஊருணிகளையும் நீர்வண்ணத்தில் வரைந்து ஆண்டுதோறும் காலண்டராகப் போடுகிறேன். உங்கள் ஊர் கும்பகோணமோ நாகர்கோவிலோ, எதுவாக இருந்தாலும் முறை இதுதான். ஓடும் தூணும் மட்டும் மாறும்.

கட்டமும் தாளும்

ஏ3 தாளை நெட்டாக எடுத்துக்கொள்ளுங்கள்: 297 மில்லிமீட்டர் அகலம், 420 உயரம். மேல்பாதி படத்துக்கு, கீழ்பாதி தேதிக்கு. இரு பக்கமும் ஓரம் விட்டு ஏழு பத்திகளாகப் பிரித்தால் ஒரு கட்டம் சுமார் 39 மில்லிமீட்டர் அகலம் வரும். மாதத் தலைப்பு, கிழமை வரி, அடி ஓரம் போக, ஐந்து வரிசைக்குத் தாராளமாக இடம் இருக்கும். சிக்கல் ஆறாவது வரிசையில். ஞாயிற்றுக்கிழமையில் தொடங்கும் கட்டத்தில், 31 நாள் மாதம் வெள்ளி அல்லது சனியில் பிறந்தால் ஆறு வரிசை வேண்டும். 2027 இல் ஜனவரி, மே, அக்டோபர் மூன்றும் அப்படித்தான். 24 ஐயும் 31 ஐயும் ஒரே கட்டத்தில் சாய்கோடு போட்டு அடைக்கும் வழக்கம் எனக்குப் பிடிக்காது. 31 ஆம் தேதிக்காரர் எங்கே எழுதுவார்? எல்லா மாதத்துக்கும் ஆறு வரிசை உயரத்தைக் கணக்கில் வைத்தே வடிவமையுங்கள்.

தாளைப் பேனாவால் சோதியுங்கள். பளபளக்கும் ஆர்ட் பேப்பரில் வண்ணம் துள்ளும், பால்பாயின்ட் வழுக்கும், ஜெல் பேனா மை கட்டைவிரலில் ஒட்டிக்கொள்ளும். பூச்சில்லாத மேப்லித்தோ தாளில் எழுத்து நன்றாக நிற்கும், ஆனால் வண்ணம் உள்ளே இறங்கி மங்கிவிடும். மங்கல் பூச்சுள்ள 170 ஜி.எஸ்.எம். (சதுர மீட்டருக்கு 170 கிராம் எடை) ஆர்ட் பேப்பர் நடுவழி. அச்சகத்தார் மாதிரித் தாள் தரும்போதே அதில் எழுதி, எண்ணிப் பத்து வினாடி கழித்துத் தேய்த்துப் பாருங்கள். லேமினேஷன் வேண்டாம் என்று உறுதியாகச் சொல்லிவிடுங்கள்.

தேதிக்குக் கீழே சிறிய எழுத்தில் தமிழ்த் தேதி, அமாவாசை, பௌர்ணமி, கிருத்திகை, சஷ்டி, பிரதோஷம், முகூர்த்த நாள் ஆகியவை இருந்தாக வேண்டும். இவை இல்லையென்றால் ஆச்சிமார் அதைத் தொடக்கூட மாட்டார்கள். வாக்கியமோ திருக்கணிதமோ, ஒரே பஞ்சாங்கத்தைப் பிடித்துக்கொண்டு ஆண்டு முழுவதும் அதிலேயே போங்கள். இரண்டிலும் திதி நேரம் வேறுபடும். கலந்து எடுத்தால் விரத நாள் ஒன்று முன்பின்னாக விழும், பிறகு தொலைபேசி ஓயாது. ரம்ஜான், பக்ரீத், மொகரம் ஆகியவை பிறை பார்த்து மாறக்கூடும் என்று அடியில் ஒரு வரி போடுங்கள். தமிழக அரசின் விடுமுறைப் பட்டியல் வந்தபின் சிவப்பு எழுத்துகளை இறுதி செய்யுங்கள். ராகு காலம் கிழமைக்கு ஒன்றாக வருவது, திங்கள் 7.30 முதல் 9 வரை என்று தொடங்கி ஏழு நாளுக்கும் அடிப்பட்டையில் ஒரு வரியாகக் கொடுத்துவிட்டால் போதும்.

பன்னிரண்டைத் தேர்வது

நம் சுவர்களில் சாமி படக் காலண்டருக்குத்தான் முதல் மரியாதை. கோவில்பட்டியில் கொண்டையராஜுவும் அவருடைய சீடர்களும் வரைந்து, சிவகாசியில் அச்சாகி வந்த படங்களைச் சட்டம் போட்டுப் பூஜையறையில் வைத்த வீடுகள் இன்றும் இருக்கின்றன. அந்த இடத்துக்கு வீட்டுப் படம் போட்டியிட முடியாது, போட்டியிடவும் வேண்டாம். நமக்குக் கிடைப்பது கூடத்துச் சுவர். அங்கே உட்கார்ந்திருப்பவர் "இது எங்கள் தெரு" என்று சொல்ல வேண்டும்.

ஆகவே பன்னிரண்டும் அரண்மனையாக இருந்தால் தோற்றீர்கள். கானாடுகாத்தான் அரண்மனையும் காரைக்குடி ஆயிரம் ஜன்னல் வீடும் சுற்றுலாப் பயணி ஒவ்வொருவருடைய கைப்பேசியிலும் இருக்கின்றன. ஆண்டுக்கு ஒன்று போதும், அதையும் அட்டையில் போடாதீர்கள். நான்கைந்து வீடுகள், அவற்றில் ஒன்றாவது நாட்டு ஓடு போட்ட சின்ன வீடு. ஒரு கோயில், ஒரு கோட்டை, ஓர் ஊருணி, ஒரு தொழிற்கூடம், ஒரு ரயில் நிலையம். செட்டிநாடு ரயில் நிலையத்தை வரையுங்கள். கோடை விடுமுறைக்குத் தாத்தா ஊருக்கு வந்து இறங்கிய பிள்ளைகள் இன்று சென்னையில் காலண்டர் வாங்கும் வயதில் இருக்கிறார்கள். ஆத்தங்குடியில் பூப்போட்ட தரைக்கல் செய்ய, கண்ணாடித் தகட்டின் மேல் அச்சுச் சட்டத்தை வைத்து, அறைகளுக்குள் வண்ணக் கலவையைக் கரண்டியால் ஊற்றும் காட்சி ஒரு மாதத்துக்குத் தாராளமாகப் போதும்.

மாதத்தோடு படத்தைப் பொருத்துங்கள். விநாயகர் சதுர்த்தி வரும் மாதத்துக்குப் பிள்ளையார்பட்டி, தைப்பூசத்துக்கோ பங்குனி உத்திரத்துக்கோ குன்றக்குடி மலை. ஊருணியை நவம்பர், டிசம்பரில் வையுங்கள். வடகிழக்குப் பருவமழை ஏமாற்றாத ஆண்டில் அப்போதுதான் படித்துறை வரை தண்ணீர் நிற்கும். திருமயம் கோட்டையும் மழைக்குப் பிறகு பாறையடியில் பச்சை கட்டும்போது பார்க்க வேண்டியது. மே மாதத்துக்கு வளவு, அதாவது வீட்டின் உள்முற்றம். வெயில் சதுரமாகத் தரையில் விழுந்து கிடக்க, சுற்றிலும் நிழல்.

வீட்டை வரைவது

முதலில் அனுமதி. 1957 ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52 ஆவது பிரிவு, ஒரு கட்டடத்தை ஓவியமாக வரைவதும் வெளியிடுவதும் மீறல் ஆகாது என்கிறது. தெருவில் நின்று முகப்பை வரைய யாரும் தடைபோட முடியாது. ஆனாலும் கேளுங்கள். பெரிய வீடுகள் பல பங்காளிகளுக்குச் சொந்தம். ஒருவர் சிங்கப்பூரில், ஒருவர் கோயம்புத்தூரில், சாவி காவலாளி கையில். உள்ளே போக வேண்டுமானால் ஊரில் இருக்கும் மூத்த பங்காளியிடம் பேசுங்கள்; மற்றவர்களிடம் அவரே சொல்லிவிடுவார். வீட்டுப் பெயரோ விலாசமோ போடலாமா என்பதையும் அப்போதே கேட்டுவிடுங்கள். பூட்டிய வீடு எது என்று காலண்டரில் ஊரறியச் சொல்வதைச் சிலர் விரும்புவதில்லை, அது நியாயம்தான். அச்சானதும் ஒரு பிரதி கொண்டுபோய்க் கொடுப்பது மரியாதை.

அடுத்து வெயில். கிழக்குப் பார்த்த முகப்புக்குக் காலை, மேற்குக்கு மாலை என்பது எல்லாருக்கும் தெரியும். வடக்குப் பார்த்த வீடுதான் பலரைக் குழப்புகிறது. காரைக்குடி ஏறக்குறைய 10 பாகை வட அட்சரேகையில் இருப்பதால், சித்திரைத் தொடக்கம் முதல் ஆவணி முற்பகுதி வரை நண்பகல் சூரியன் நம் தலைக்கு வடக்கே நிற்கிறது. அந்த மாதங்களில் மட்டுமே வடக்கு முகப்பில் நண்பகல் வெயில் விழுந்து, சுதை வேலை, அதாவது சுண்ணாம்புச் சிற்பங்கள், நிழலோடு எழுந்து நிற்கும். மார்கழியில் போனால் அதே முகப்பு தட்டையாக, நீலம் பாய்ந்து கிடக்கும். தெற்குப் பார்த்த வீட்டுக்கு நேர்மாறு: மார்கழி, தை தான் அதன் காலம்.

காகிதத்தில் முதல் கோடு நடுக்கோடு. தலைவாசல் நிலையின் நடுவிலிருந்து மேல் கைப்பிடிச்சுவர் வரை ஒரே செங்குத்து. கஜலட்சுமி அதன் மேல்தான் அமர்வாள். பிறகு தூண்களை எண்ணுங்கள். புகைப்படத்தை நம்பாதீர்கள், நீளமான முகப்பைக் கைப்பேசியில் எடுத்தால் ஓரத்துத் தூண்கள் விரிந்தும் சாய்ந்தும் வரும். தூணுக்குத் தூண் எத்தனை காலடி என்று நடந்து அளந்து, அந்த விகிதத்தில் பென்சிலால் குறியுங்கள். ஜன்னல் ஒன்று குறைந்தாலும் வீட்டுக்காரர் கண்டுபிடித்துவிடுவார். படத்தைக் கையில் வாங்கியதும் அவர் செய்கிற முதல் வேலையே எண்ணுவதுதான்.

சுதை உருவங்களிடம் அதிக நேரம் செலவழியுங்கள். தாமரை மேல் லட்சுமி, இருபுறமும் துதிக்கை தூக்கிய யானைகள், ஓரங்களில் கிளிகள், சில வீடுகளில் இறக்கை முளைத்த தேவதைகள், தொப்பி போட்ட வெள்ளைக்காரச் சிப்பாய்கள். எட்ட நின்று பார்த்தால் இவை நிழல்களாகத்தான் தெரியும். ஆகவே வெளிக்கோடு போட்டு உள்ளே வண்ணம் நிரப்பாதீர்கள். யானையின் வயிற்றுக்கு அடியில், துதிக்கைக்குக் கீழே, லட்சுமியின் மடிக்குக் கீழே விழும் நிழலை மட்டும் வையுங்கள். உருவம் தானாகத் திரண்டு வரும். நிழலுக்குக் கறுப்புக் குப்பியைத் திறக்க வேண்டாம். அல்ட்ராமரின் நீலமும் பர்ன்ட் சியன்னாவும் கலந்தால் நல்ல சாம்பல் கிடைக்கும். நீலத்தைக் கூட்டினால் காலை நிழல், சியன்னாவைக் கூட்டினால் மாலை நிழல்.

செட்டிநாட்டுச் சுவர்ப்பூச்சு வேறு வெள்ளை. சுண்ணாம்பும் முட்டை வெள்ளைக்கருவும் சேர்த்து இழைத்த அந்தச் சுவர் உரித்த முட்டை மாதிரி வழவழப்பாக இருக்கும். பக்கத்துத் தேக்குக் கதவின் செம்மை அதில் லேசாகத் தெரியும். அந்தச் செம்மையை ஈரத் தாளில் மிக மெல்லிய ஒற்றைப் பூச்சாகக் கொடுத்துவிட்டு, காயும் வரை தூரிகையைக் கீழே வையுங்கள். மறுமுறை தடவினால் சுவர் சொரசொரத்துச் சிமென்ட் சுவராகிவிடும். ஓட்டுக் கூரைக்கு ஓடு ஓடாக வரையத் தேவையில்லை. இறவாணத்தின் ஓரத்தில் மட்டும் ஓட்டின் வளைவுகளைக் காட்டினால் மேலே உள்ளதைக் கண் தானே நிரப்பிக்கொள்ளும்.

மின்கம்பி, மின்கம்பம், டிஷ் ஆன்டெனா? நான் கம்பியை விட்டுவைக்கிறேன். அது இல்லாத தெரு எந்த ஆண்டின் தெரு என்றே தெரியாது. கட்சிச் சுவரொட்டியையும் வண்டி எண்களையும் நீக்கிவிடுவேன். வாசலில் ஆள் இருந்தால் முகம் அடையாளம் தெரியாத அளவுக்கே வைப்பேன்.

அச்சுக்கு

மூலப்படத்தை ஏ3 அளவில் வரைந்து ஏ4 ஆகச் சுருக்குவது வசதி, கோடுகள் இறுகும். ஸ்கேனருக்கு வெளிறிய மஞ்சள் பிடிக்காது, அதைத் தாளின் வெள்ளையோடு சேர்த்து விழுங்கிவிடும். ஆகவே மெல்லிய பூச்சுகளை நினைப்பதைவிட ஒரு படி அழுத்தமாகவே போடுங்கள். பிளேட் வைத்து அடிக்கும் நால்வண்ண ஆஃப்செட் அச்சில் அல்ட்ராமரின் நீலம் ஒளியிழக்கும், கோயில் மதிலின் காவியும் சோர்ந்து போகும். மாதிரி அச்சை, அச்சாகப் போகும் அதே தாளில் எடுக்கச் சொல்லி, மூலப்படத்தோடு பக்கத்தில் வைத்து வெளியே பகல் வெளிச்சத்தில் பாருங்கள். டியூப் லைட்டுக்குக் கீழே ஒப்புதல் கொடுக்காதீர்கள். தாளை வெட்டும்போது ஓரத்தில் வெள்ளை தெரியாமலிருக்க, நாலாபுறமும் 3 மில்லிமீட்டர் கூடுதலாக வண்ணம் ஓட வேண்டும். கையெழுத்தை ஓரத்திலிருந்து நன்றாக உள்ளே தள்ளிப் போடுங்கள்.

மேலே தகரப்பட்டி அடிப்பதா, கம்பிச் சுருளா? தகரப்பட்டி மலிவு, ஆனால் மாதம் முடிந்ததும் கிழிப்பார்கள். கம்பிச் சுருள் என்றால் தாளைப் பின்னால் புரட்டலாம், படம் தப்பும். எதுவானாலும் மேல்பக்கம் ஒன்றரை சென்டிமீட்டர் அதற்குப் போய்விடும். கோபுரக் கலசத்தை அங்கே கொண்டுபோய் வைக்காதீர்கள். வீட்டின் பெயர், ஊர், வரைந்த ஆண்டு ஆகியவற்றைத் தேதிப் பகுதியில் போடாமல் படத்தின் அடி ஓரத்திலேயே அச்சிடுங்கள். ஆண்டு முக்கியம். தேக்குத் தூணும் நிலையும் பழம்பொருள் கடைக்குப் போய், வீடே இல்லாமல் போவது இங்கே நடக்கிறது.

சிவகாசியில் ஆடிப்பெருக்கன்று அடுத்த ஆண்டுக் காலண்டர் மாதிரிகள் அடங்கிய ஆல்பங்களை வெளியிட்டு ஆர்டர் பிடிக்கத் தொடங்கிவிடுவார்கள். நாம் சில நூறு பிரதிக்காரர்கள்; கார்த்திகையில் போய் நின்றால் வரிசையின் கடைசியில்தான் இடம். படங்கள் ஆடிக்குள், கட்டம் புரட்டாசிக்குள், அரசு விடுமுறைப் பட்டியல் வந்த மறுநாள் அச்சு என்று திட்டமிடுங்கள். இருநூறு பிரதிக்குள் என்றால் டிஜிட்டல் அச்சே போதும். ஐந்நூறைத் தாண்டினால் ஆஃப்செட்டில் பிளேட் செலவு பரவி, பிரதி விலை இறங்கும்.

கடைக்காரர்கள் தங்கள் பெயரோடு மொத்தமாகக் கேட்பார்கள். அடியில் நான்கு சென்டிமீட்டர் பட்டையை வெறுமையாக விட்டு அச்சடித்து வைத்துக்கொண்டால், ஜவுளிக்கடைக்கு ஐம்பது, மருந்துக்கடைக்கு நூறு என்று பெயரை ஒற்றை வண்ணத்தில் பிறகு ஏற்றலாம். சிவகாசியின் பழைய உத்தி இது. படத்தின் மேல் கடைப் பெயர் கேட்டால் மட்டும் மறுத்துவிடுங்கள்.

தபாலில் அனுப்பும்போது படம் வெளிப்பக்கம் இருக்கும்படி சுருட்டுங்கள். மாட்டியபின் ஓரங்கள் சுவரை நோக்கி வளைந்து ஒட்டி நிற்கும். தை பிறந்துவிட்டால் மிச்சப் பிரதிகளுக்குப் பாதி விலைகூடக் கிடைக்காது. தேதிப் பகுதியை வெட்டி எறிந்துவிட்டு, படத்தை அட்டையில் ஏற்றித் தனித்தனியாக விற்றுவிடுங்கள். புதுமனை புகுவிழாவுக்குப் பரிசு தேடுகிறவர்கள் ஆண்டு முழுவதும் வருவார்கள்.