மாறொளிர் விண்மீன் பார்ப்பவர்கள் நேரத்தில் செய்யும் தவறு

மழைக்காலம் முடிந்து ஜனவரி பிறந்ததும் சென்னை மொட்டை மாடிகளில் புதியவர்கள் ஏறிவிடுகிறார்கள். தொடக்கத்தில் நாங்கள் தடுக்கி விழுந்த இடங்களிலேயே அவர்களும் விழுகிறார்கள். டார்ச் வெளிச்சம், நிலவு, தெருவிளக்கு பற்றியெல்லாம் சொல்லப்போவதில்லை, அது ஒரு வாரத்தில் தானாகப் பழகிவிடும். பிரகாசம் கூடிக் குறையும் மாறொளிர் விண்மீன்களைக் கண்ணால் மதிப்பிட்டுக் குறித்துவைப்பவர்களுக்குத்தான் இது.

நேரத்தைக் கலப்பது

நங்கநல்லூரில் கல்லூரி மாணவர் ஒருவர் ஜனவரி இரவு முழுக்க அல்கால் என்ற விண்மீனைப் பார்த்தார். அல்கால் 2 நாள் 20 மணி 49 நிமிடத்துக்கு ஒருமுறை துணை விண்மீனால் மறைக்கப்பட்டு, 2.1 மேக்னிட்யூடிலிருந்து (பிரகாச அளவு, எண் கூடினால் மங்கல்) 3.4 வரை மங்கும். சுமார் 10 மணி நேரத்தில் பழைய நிலைக்கு வந்துவிடும். அந்தத் தம்பியின் மதிப்பீடுகள் அருமை. ஆனால் சில வரிகளில் கைக்கடிகார நேரம், சிலவற்றில் செயலி காட்டிய உலக நேரம் (நம் நேரத்துக்கு ஐந்தரை மணி பின்னால் இருப்பது). எது எதுவென்று குறிக்கவில்லை. மறுநாள் கணினியில் ஏற்றி நேர வரிசையில் அடுக்கிவிட்டு, துண்டுத் தாள்களைத் தூக்கிப் போட்டுவிட்டார்.

அதில் ஒரு வரி: "19.10 – 2.6". இந்திய நேரமென்றால் இரவு 7.10, அல்கால் மங்கிக்கொண்டிருக்கிறது. உலக நேரமென்றால் நமக்கு நள்ளிரவு தாண்டி 12.40, அது மறுபடி பிரகாசமாகி வருகிறது. இரண்டு வேளையும் இருட்டுதான், இரண்டிலும் அல்கால் வானில் உண்டு, இரண்டுக்கும் 2.6 பொருந்துகிறது. எப்படிப் பிரிப்பது? எல்லாமே இந்திய நேரம் என்றால் ஐந்தரை மணி கழித்தால் சரி. கலந்துவிட்டால் அந்த இரவே போச்சு. அவ்வளவு நல்ல கண்ணின் உழைப்பு வீணானது எனக்கு இன்னும் ஆறவில்லை.

அதுவும் இந்த ஊரில். நுங்கம்பாக்கம் வானாய்வகத்தின் மெட்ராஸ் நேரத்தில்தான் ஒரு காலத்தில் இந்திய ரயில்கள் ஓடின. மேக்னிட்யூட் அளவுகோலுக்குக் கணக்கு வகுத்த நார்மன் போக்சன் 1861 முதல் அங்கே பணிபுரிந்தார். அங்கிருந்த சிந்தாமணி ரகுநாதாசாரிதான் 1867-இல் ஆர் ரெட்டிகுலி என்ற விண்மீன் ஒளி மாறுவதைக் கண்டவர்.

ஒவ்வொரு வரியிலும் நேரத்துக்குப் பக்கத்திலேயே 'இ.நே.' அல்லது 'உ.நே.' என்று எழுதுங்கள். இந்திய நேரத்தில் எழுதினால் நள்ளிரவு தாண்டியதும் தேதியையும் மாற்றுங்கள், உலக நேரத்தில் அது நமக்கு அதிகாலை 5.30-க்குத்தான் மாறும். வானியலில் நாட்களை வரிசையாக எண்ணும் ஜூலியன் நாள் நமக்கு வசதி: நம் மாலை 5.30-க்கு மாறுவதால் இரவு முழுக்க ஒரே நாள் எண்.

சிவப்பு விண்மீனை முறைத்துப் பார்ப்பது

திருவாதிரையை உற்றுப் பார்க்கப் பார்க்கப் பிரகாசம் கூடுவதுபோல் தெரியும். சட்டென்று பார்த்துக் கண்ணை எடுங்கள். அப்புறம், அது கிழக்கே தாழ்வாக இருக்கும்போது உயரத்தில் நிற்கும் ரோகிணியோடு ஒப்பிடாதீர்கள். நம் கடற்கரைக் காற்றின் ஈரமும் தூசியும் தாழ்ந்த விண்மீனை மங்கடித்துவிடும். 2019 கடைசியிலிருந்து 2020 பிப்ரவரி வரை திருவாதிரை உண்மையிலேயே மங்கியது. அதுபோன்ற மாற்றத்தையும் காற்று செய்யும் வேலையையும் குழப்பிக்கொள்ளக் கூடாது.

எதிர்பார்க்கும் மேக்னிட்யூட் எண்ணை முதலில் பார்ப்பது

வேண்டாம்.

கண்ணுக்குத் தெரியாததை எழுதாமல் விடுவது

டி கொரோனா பொரியாலிஸ் என்ற விண்மீன் 1866-இலும் 1946-இலும் வெடித்தது. வழக்கமாக 10-ஆம் மேக்னிட்யூடில் கிடப்பது, வெடித்தால் வெறும் கண்ணுக்கே தெரியும். "இந்த நேரம், 6-ஐவிடப் பிரகாசமாக எதுவும் தென்படவில்லை" என்று வெடிப்புக்கு முந்தின இரவு ஒருவர் எழுதி வைத்திருந்தால், ஏற்றம் அதற்குப் பிறகுதான் என்று சொல்ல முடியும். வெறும் கண்ணால் பார்த்துத் தெரியவில்லை என்றாலும் நேரத்தோடு எழுதுங்கள்.