பல்லுக்குக் கிளிப்: மெட்டலா, கிளியரா?

கிளிப் போடலாம் என்று முடிவானதும் எல்லோரும் முதலில் கேட்பது வெளியே தெரியுமா என்பதைத்தான். அதைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் பல் எவ்வளவு தூரம் நகர வேண்டும் என்பதுதான் முதலில். முன்பல்லில் சின்ன இடைவெளி, லேசான நெருக்கம் என்றால் கிளியர் அலைனரே (பல்மேல் கழற்றி மாட்டும், நிறமில்லாத பிளாஸ்டிக் உறை) போதும். கோரைப்பல் மேலே ஏறி நிற்கிறது, பல்லைப் பிடுங்கி இடம் உண்டாக்க வேண்டும் என்றால் பெரும்பாலும் மெட்டல்தான் கைகொடுக்கும். எக்ஸ்ரே பார்த்து இதைச் சொல்ல வேண்டியவர் ஆர்த்தோடான்டிக்ஸில், அதாவது பல்வரிசையைச் சீராக்கும் பிரிவில், எம்.டி.எஸ். என்ற பல் மருத்துவ மேற்படிப்பை முடித்த டாக்டர். செல்ஃபி அனுப்பினால் அலைனர் வீட்டுக்கே வரும் என்கிற விளம்பரத்தை நம்பிப் பணம் கட்டாதீர்கள், பல்லின் வேரும் எலும்பும் போட்டோவில் தெரியாது.

அடுத்தது உங்கள் பழக்கம். அலைனரை ஒரு நாளில் 20 முதல் 22 மணி நேரம் மாட்டியிருக்க வேண்டும், தண்ணீர் தவிர எதைச் சாப்பிட்டாலும் குடித்தாலும் கழற்ற வேண்டும், மறுபடி மாட்டுவதற்கு முன் வாயைச் சுத்தம் செய்ய வேண்டும். மூன்று வேளைச் சாப்பாடு, நடுவில் இரண்டு காபி, ஆபீஸில் யாராவது நீட்டும் பிஸ்கட் என்று கூட்டிப் பாருங்கள், கழற்றி வைக்க மிச்சமிருக்கும் இரண்டு முதல் நான்கு மணி நேரம் எவ்வளவு சீக்கிரம் தீரும் என்று புரியும். இதற்குப் பொறுமை இல்லாதவர்களுக்கும், பள்ளிக்கூடப் பிள்ளைகள் பலருக்கும் என் ஓட்டு மெட்டலுக்குத்தான், அதைக் கழற்றி வைக்கவே முடியாதே!

மெட்டலில் முதல் சில நாள் கன்னத்தின் உள்பக்கம் உரசிப் புண்ணாகும், டாக்டர் தரும் மெழுகைக் கம்பிமேல் ஒட்டினால் அடங்கும். முறுக்கு, சீடை, கரும்பு வேண்டாம், கம்பியைத் தாங்கப் பல்லில் ஒட்டியிருக்கும் பிராக்கெட் பெயர்ந்து வந்துவிடும்.

இரண்டுக்கும் நடுவில் செராமிக் இருக்கிறது. பிராக்கெட் பல் நிறத்தில் அப்படியே இருக்கும், ஆனால் கம்பியைப் பிடித்திருக்கும் வெள்ளை ரப்பர் வளையம் சாம்பார் மஞ்சள் பட்டதும் பளிச்சென்று மஞ்சளாகிவிடும், அடுத்த முறை டாக்டர் மாற்றும்வரை அப்படியேதான். ரப்பருக்குப் பதில் மெல்லிய கம்பியால் கட்ட முடியுமா என்று கேளுங்கள். செராமிக், பல்லின் மேல்பூச்சான எனாமலைவிடக் கடினம், கீழ்வரிசையில் போட்டால் மேல்பல் அதில் இடித்துத் தேயலாம். அதனால் மேலே செராமிக், கீழே மெட்டல் என்று போடுவதும் உண்டு.

பணம் கட்டும் முன் பெயர்ந்த பிராக்கெட்டை ஒட்டித் தருவது, கூடுதல் அலைனர் செட், சிகிச்சை முடிந்ததும் போடும் ரிடெய்னர் எல்லாம் சேர்த்துத்தான் அந்தத் தொகையா என்று எழுதி வாங்குங்கள். எதைப் போட்டாலும் கடைசியில் ரிடெய்னர் கட்டாயம், விட்டால் பல் பழைய இடத்துக்கே திரும்பப் பார்க்கும்.