வெர்சாய் அரசவையைப் பற்றிப் பேசும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

வரம்பற்ற முடியாட்சி என்றதும் பிரெஞ்சு ராஜா பதினான்காம் லூயியும் ‘நானே அரசு’ என்ற வசனமும்தான் நம் நினைவுக்கு வரும். 1655இல், 16 வயதில், பாரிஸ் நீதிமன்றத்தில் அவர் அப்படி முழங்கியதாகக் கதை. அந்தக் காலத்துப் பதிவுகளில் அந்த வாக்கியமே கிடையாது. மாறாக, 1715இல் மரணப் படுக்கையில் ‘நான் போகிறேன், அரசு எப்போதும் இருக்கும்’ என்று சொன்னதாக உடனிருந்தவர்கள் எழுதிவைத்திருக்கிறார்கள். கிட்டத்தட்ட நேரெதிரான பேச்சு. ரொட்டி இல்லையென்றால் கேக் சாப்பிடட்டும் என்று, பின்னாளில் பதினாறாம் லூயியின் ராணியான மரி அன்டோனெட் சொன்னதாக உலவும் கதையையும் விட்டுவிடுங்கள். தத்துவஞானி ரூசோ அதை ‘ஒரு பெரிய இளவரசி’ சொன்னதாக எழுதியபோது, மரி அன்டோனெட் ஆஸ்திரியாவில் இருந்த சிறுமி. அவர் பிரான்சுக்கு வந்தது 1770இல்தான்.

இவையெல்லாம் சின்னச் சறுக்கல்கள். அரசவை என்றால் விருந்து, நடனம், பொழுதுபோக்கு என்று நினைப்பதுதான் பெரிய தவறு. அப்படிப் பார்த்தால் அங்கே நடந்த எதுவுமே புரியாது. 1682 மே மாதம் லூயி அரசவையையும் அமைச்சர்களையும் சேர்த்தேதான் பாரிசுக்கு அருகே உள்ள வெர்சாய் அரண்மனைக்குக் கொண்டுபோனார். பதவி, ஓய்வூதியம், படைப்பிரிவின் தலைமை, மகளுக்கு நல்ல சம்பந்தம் என எல்லாமே ராஜாவின் பார்வை படும் இடத்தில்தான் கிடைத்தன. அரசவைக்கு வராத ஒருவருக்காக யாராவது பரிந்து பேசினால், ‘நான் பார்த்ததே இல்லாத ஆள்’ என்பாராம் லூயி. அத்தோடு அந்தக் கோரிக்கை முடிந்தது.

காலை 8 மணிவாக்கில் ராஜா எழும் சடங்கைப் பாருங்கள். கோயில் திருப்பள்ளியெழுச்சி போல அதற்கும் முறை உண்டு. முதலில் மருத்துவர்கள், அப்புறம் தனி உரிமை பெற்ற சிலர், அப்புறம் மற்றவர்கள் என்று அடுக்கடுக்காக உள்ளே வருவார்கள். சட்டையை நீட்டும் பேறு அங்கிருப்பவர்களில் உயர்ந்த தகுதியுள்ளவருக்கு. ஒரு கையை மாட்டிவிட ஒருவர், மறு கைக்கு இன்னொருவர். இரவு படுக்கப்போகும்போது மெழுகுவர்த்தித் தண்டைப் பிடிக்க ஒரு பிரபுவை ராஜா பெயர் சொல்லி அழைப்பார். அதற்காகவே காத்துக் கிடந்தார்கள். இதைக் கோமாளித்தனம் என்று ஒதுக்குவது எளிது. ஆனால் இன்று ராஜாவின் மனதில் யாருக்கு இடம் என்பது அந்தத் தண்டைப் பார்த்தாலே கூடத்தில் எல்லாருக்கும் தெரிந்துவிடும்.

இந்த முறை ராஜ குடும்பத்தையும் விடவில்லை. மரி அன்டோனெட்டின் பணிப்பெண் மதாம் கம்பான் ஒரு குளிர்கால நாளைப் பற்றி எழுதியிருக்கிறார். ராணி ஆடையின்றி நிற்கிறார். கம்பான் சட்டையை நீட்டப் போகும் நேரத்தில் தலைமைத் தோழி வருகிறார், கையுறையைக் கழற்றிவிட்டு வாங்கிக்கொள்கிறார். கதவு தட்டப்படுகிறது. ராஜ குடும்பத்தின் கிளையான ஓர்லியான் குடும்பத்துச் சீமாட்டி. சட்டை அவருக்கு மாற வேண்டும், அதுவும் கம்பான் வழியாகத்தான். அதற்குள் ராணியின் மைத்துனர் மனைவி வந்துவிடுகிறார். திரும்பவும் கை மாறுகிறது. அதுவரை ராணி கைகளை மார்பில் கட்டிக்கொண்டு நடுங்கியபடி நிற்கிறார். பிரான்சின் ராணிக்கே நினைத்த நேரத்தில் சட்டை போட முடியவில்லை.

‘பிரபுக்கள் அத்தனை பேரையும் லூயி வெர்சாயில் அடைத்துவைத்தார்’ என்பதும் சரியல்ல. வந்தவர்கள் பிரான்சின் பிரபுக்களில் சிறு பகுதிதான். பெரும்பாலானோர் தங்கள் ஊரிலேயே இருந்தார்கள், அரசவைச் செலவு அவர்களுக்குக் கட்டுப்படியாகாது. வந்தவர்களுக்கும் சுகவாசம் இல்லை. மாடத்தில் இருட்டான, புகைபோக்கி சரியாக வேலை செய்யாத சின்ன அறை கிடைத்தாலே பெரிய பாக்கியம். 1695 குளிரில் ராஜாவின் மேசையிலேயே தண்ணீரும் மதுவும் உறைந்துபோயின.

வாழ்நாளில் லூயி இரண்டே முறை குளித்தார் என்பது நம்மூர் வாட்சப் வரை வந்துவிட்ட கதை. வெர்சாயில் அவரே பளிங்குக் குளியலறைத் தொகுதி கட்டினார். வெந்நீர் உடம்பின் துளைகளைத் திறந்து நோயை உள்ளே விடும் என்று அன்றைய மருத்துவர்கள் பயந்தது உண்மைதான். அதனால் துடைத்துக்கொள்வதும், லினன் சட்டையை அடிக்கடி மாற்றுவதுமே சுத்தம் என்று இருந்தது. வேறு வழக்கம், அவ்வளவுதான்.

அரண்மனைச் செலவுதான் நாட்டைத் திவாலாக்கியது என்று எழுதும்முன் போர்க் கணக்கையும் பாருங்கள். பணத்தை விழுங்கியது போர். 1689இல் லூயி தன் வெள்ளி நாற்காலி, மேசைகளையே உருக்கி நாணயமாக்கியது போருக்காகத்தான்.

‘வரம்பற்ற’ என்ற சொல்லையும் அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். லாங்டாக் போன்ற மாகாணங்களில் வரிக்காக ராஜாவின் ஆட்கள் உள்ளூர்ச் சபைகளோடு பேரம் பேசித்தான் ஆக வேண்டியிருந்தது. விலைக்கு விற்ற பதவிகளைத் திரும்பப் பிடுங்குவதும் சுலபமில்லை. தோட்டத்து நீரூற்றுகளின் நிலைமையும் அதுதான். தண்ணீர் போதவில்லை. சேன் ஆற்றிலிருந்து நீரேற்ற 14 பெரிய சக்கரங்கள் கொண்ட இயந்திரத்தை மார்லி அருகே கட்டினார்கள், அப்போதும் போதவில்லை. யூர் ஆற்றைத் திருப்பப் படைவீரர்களை இறக்கினார்கள். காய்ச்சலில் பலர் செத்தார்கள், 1688இல் போர் வந்து வேலை நின்றது. அதனால் ராஜா தோட்டத்தில் நடந்து வரும்போது ஊற்றுக்காரர்கள் விசிலடித்து அடுத்த ஆளுக்குச் சொல்வார்கள். அவர் நெருங்கும்போது ஊற்று திறக்கும். அவர் தாண்டிப் போனதும் மூடிவிடுவார்கள்.