கெட்டி ஆயில் போட்டால் தாங்குமா? வீட்டிலேயே கார் பார்ப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

"நம்ம ஊரு வெயிலுக்கு இந்தத் தண்ணி ஆயில் எப்படித் தம்பி தாங்கும்? கெட்டியாப் போடுங்க." காரைக்குடியில் ஆயில் வாங்கப் போகிற ஒவ்வொரு முறையும் யாராவது ஒரு அண்ணன் இதைச் சொல்லி, 20டபிள்யூ-50 டப்பாவை எடுத்து மேசையில் வைத்துவிடுகிறார். அக்கறையில்தான் சொல்கிறார். அம்பாசடர் காலத்தில் அது சரியான பேச்சும்கூட. ஆனால் என்னிடம் இருப்பது 2017ஆம் வருட ஸ்கோடா ஆக்டேவியா ஆர்எஸ் கார். 2 லிட்டர் டர்போ பெட்ரோல், 230 குதிரைத்திறன், செகண்ட் ஹேண்டில் வாங்கியது. கம்பெனி சர்வீஸ் வேண்டுமென்றால் மதுரைக்கோ திருச்சிக்கோ போக வேண்டும், ஒரு நாள் வேலை கெடும். அதனால் சில்லறை வேலைகளைப் பின்வாசல் கார் செட்டில் நானே பார்த்துக்கொள்கிறேன். செய்த தவறுகளும் உண்டு, செய்யப் பார்த்துத் தப்பித்தவையும் உண்டு.

முதலில் அந்தக் கெட்டி ஆயில். வெளியே 40 டிகிரி அடித்தால் எஞ்சினுக்குள் ஆயிலும் அதே கணக்கில் கொதிக்கும் என்று நினைக்கிறோம். அப்படி இல்லை. எஞ்சினின் சூட்டைத் தெர்மோஸ்டாட் ஏறத்தாழ ஒரே நிலையில் பிடித்து வைக்கிறது. நன்றாக ஓடிச் சூடான எஞ்சினில் ஆயில் 100 டிகிரியை ஒட்டித்தான் இருக்கும், அது ஜெர்மனியின் குளிரானாலும் தேவகோட்டை ரஸ்தாவின் மத்தியான வெயிலானாலும். ஆயிலின் கெட்டித்தன்மையை 100 டிகிரியில் வைத்து அளப்பதும் அதனால்தான். 5டபிள்யூ-40 என்பதில் பின்னால் இருக்கும் 40க்கு, அந்தச் சூட்டில் கெட்டித்தன்மை 12.5 முதல் 16.3 சென்டிஸ்டோக்ஸ் (கெட்டித்தன்மையை அளக்கும் அலகு) வரை. 50 என்றால் 16.3இல் தொடங்கி 21.9 வரை. எஞ்சினை வடிவமைத்தவர் பேரிங்குகளுக்கு நடுவே விட்ட இடைவெளி 40க்கு என்றால், 50 ஊற்றி நாம் எதையும் கூடுதலாகக் காப்பாற்றப் போவதில்லை.

முன்னால் இருக்கும் 5டபிள்யூ, குளிர்கால எண். மைனஸ் 30 டிகிரியில் எஞ்சின் சுற்றுமா என்று பார்க்கும் சோதனை அதற்குள் இருக்கிறது. காரைக்குடிக்கு மைனஸ் 30 எதற்கு என்று நானும் கேட்டிருக்கிறேன். விஷயம் என்னவென்றால், மார்கழி விடியற்காலையில்கூட 5டபிள்யூ ஆயில் 20டபிள்யூவைவிடச் சீக்கிரம், எஞ்சினுக்குள் காற்றைத் திணிக்கும் டர்போவின் பேரிங்கைப் போய்த் தொடும். நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் சுற்றுகிற சாமான் அது. ஸ்டார்ட் செய்த முதல் சில நொடிகளில்தான் அதற்கு ஆயில் அதிகம் தேவை.

சரி, அப்படியானால் 5டபிள்யூ-40 என்று எழுதியிருக்கும் எதை வேண்டுமானாலும் ஊற்றலாமா? இங்கேதான் நிறைய பேர் கோட்டை விடுகிறார்கள். டப்பாவின் முன்பக்கம் விளம்பரம், பின்பக்கம்தான் ஜாதகம். என் காருக்குக் கையேடு கேட்பது ஸ்கோடாவின் தாய் நிறுவனமான ஃபோக்ஸ்வாகன் தரும் 502 00 என்ற அங்கீகாரம். அது பின்பக்கம் சின்ன எழுத்தில் இருக்கிறதா என்று பார்த்தால் போதும், எந்தக் கம்பெனி என்ற சண்டை தேவையே இல்லை. அதே நிறுவனத்தின் 504 00 அங்கீகாரம் பெற்ற 5டபிள்யூ-30 ஆயிலைக் கண்டு "முப்பதா? ரொம்ப மெலிசு" என்று பயப்படுகிறவர்களும் உண்டு. 150 டிகிரி சூட்டில், கடுமையான அழுத்தத்தில், ஆயில் படலம் எவ்வளவு தாங்குகிறது என்று ஒரு சோதனை இருக்கிறது. அதில் இந்த முப்பதும் அந்த நாற்பதும் குறைந்தபட்சம் 3.5 மதிப்பெண் வாங்கியே ஆக வேண்டும். பார்க்க மெலிசு, வேலையில் சளைத்ததில்லை.

இன்னொரு எழுத்தையும் தேடுங்கள்: ஏபிஐ எஸ்பி, பெட்ரோல் எஞ்சின் ஆயிலுக்கான அமெரிக்கத் தரக்குறி. டர்போவும் நேரடி பெட்ரோல் இன்ஜெக்‌ஷனும் சேர்ந்த எஞ்சின்களில், மேல் கியரில் குறைந்த சுற்றில் போய்க்கொண்டிருக்கும்போது திடீரென்று மிதித்தால், ஸ்பார்க் வருவதற்கு முன்பே கலவை தானாகப் பற்றிக்கொள்வது உண்டு. பிஸ்டனையே உடைக்கக்கூடிய கோளாறு. ஆயிலில் இருக்கும் கால்சியம் வகை டிடர்ஜெண்ட் இதைத் தூண்டுகிறது என்று தெரிந்த பிறகு, 2018இல் எஸ்என் பிளஸ், 2020இல் எஸ்பி என்று புதிய தரங்கள் வந்தன. டிராக்டருக்கு வாங்கி வைத்த டீசல் எஞ்சின் ஆயில் மிச்சமிருக்கிறதே என்று இந்த எஞ்சினில் ஊற்றக் கூடாது என்பதற்கு இது ஒரு காரணம். புல்லட்டுக்கு வாங்கிய ஜாஸோ எம்ஏ (பைக் ஆயிலுக்கான ஜப்பான் தரக்குறி) ஆயிலும் வேண்டாம். அது பைக்கின் ஆயிலில் நனைந்த கிளட்ச் வழுக்காமல் இருக்கச் செய்தது. காரில் அந்தக் கிளட்சே அங்கே இல்லை.

இனி கைவேலை. என் முதல் காரில் சேம்பரின் (எஞ்சினுக்கு அடியில் இருக்கும் ஆயில் தொட்டி) வடிகால் போல்ட்டை "இன்னும் ஒரு கால் சுற்று" என்று இறுக்கி, அலுமினியச் சேம்பரின் மரையைக் கழற்றிவிட்டேன். போல்ட் கழன்று விழவில்லை, சொட்டுச் சொட்டாக ஒழுகியது. ஆத்தங்குடிக் கல் பதித்த முகப்பில் ஒரு வாரம் அந்தக் காரை நிறுத்தியதில், பூப்போட்ட கல்லில் கறுப்பு வட்டம் விழுந்தது. கையால் வார்த்த சிமெண்ட் கல் அது, எண்ணெயைக் குடித்துக்கொள்ளும். எதைப் போட்டுத் தேய்த்தும் போகவில்லை. அப்பத்தா இருந்தவரை அந்த வட்டத்தைத் தாண்டும்போதெல்லாம் என்னை ஒரு பார்வை பார்ப்பார். அதற்குப் பிறகுதான் டார்க் ரெஞ்ச், அதாவது இறுக்கத்தை அளந்து முடுக்கும் சாவி, வாங்கினேன். இப்போதைய காருக்கு வடிகால் போல்ட் 30 நியூட்டன் மீட்டர், வீல் போல்ட் 120. உங்கள் காருக்கு வேறாக இருக்கும், கையேட்டைப் பாருங்கள். வாஷரை ஒவ்வொரு முறையும் புதிதாகப் போடுங்கள். தகர டப்பா ஃபில்டர் உள்ள கார் என்றால், பழைய ரப்பர் வளையம் எஞ்சினிலேயே ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். அதன் மேலேயே புதியதை முறுக்கினால் நெடுஞ்சாலையில் மொத்த ஆயிலும் வெளியே.

அளவைப் பற்றி ஒரு வார்த்தை. குழம்புக்குக் கண்ணளவு போதும், எஞ்சினுக்குப் போதாது. டப்பாவில் மிச்சம் வைப்பானேன் என்று ஊற்றிவிடுகிறோம். மேல் கோட்டைத் தாண்டினால் சுழலும் கிராங்க் ஆயிலை அடித்து நுரையாக்கும், நுரையால் பேரிங்கைக் காக்க முடியாது. கொஞ்சம் குறைவாகவே ஊற்றி, ஓடவிட்டு நிறுத்தி, ஐந்து நிமிடம் பொறுத்து, சமதளத்தில் ஆயில் கம்பியைப் பார்த்து நிரப்புங்கள். ஜாக்கியை மட்டும் நம்பிக் காருக்கு அடியில் படுப்பதைப் பற்றிச் சொல்லவே வேண்டியதில்லை. ஹாலோ பிளாக் முட்டுக் கொடுப்பதும் அதே கதைதான், அது எச்சரிக்காமல் பொடியாகிவிடும். ஜாக்கி ஸ்டாண்டு வாங்குங்கள்.

பிரேக் ஆயிலை யாரும் மதிப்பதில்லை. நானும் மதிக்கவில்லை, கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கும்வரை. பாதி மலையில் பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போனது. ஓரமாக நிறுத்தி அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். மூன்று வருடமாக மாற்றாத ஆயில். காற்றில் இருக்கும் ஈரத்தை இது தானாகவே இழுத்துக்கொள்ளும். டாட் 4 என்ற தரக்குறி உள்ள பிரேக் ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காது. ஈரம் ஏறியபின் அந்த வரம்பு 155 ஆகிவிடும். கொதித்தால் குழாயில் ஆவி, ஆவியை மிதித்தால் பிரேக் இல்லை. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். போன வருடம் திறந்து, ஐப்பசி மழையெல்லாம் கார் செட்டில் கிடந்த பாதிப் பாட்டிலை மறுபடி பயன்படுத்தாதீர்கள். நம் கார்களுக்கு டாட் 5.1 ஊற்றலாமா என்று கேட்பார்கள். டாட் 4 உடன் சேரும் வகைதான், கையேடு அனுமதித்தால் ஊற்றலாம். புள்ளி ஒன்று இல்லாத டாட் 5 சிலிக்கோன், அதைத் தொடவே கூடாது. பெயிண்டில் பிரேக் ஆயில் சிந்தினால் துடைத்துக்கொண்டிருக்காமல் உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள்.

கூலண்டில் நம் ஊர்த் தவறு தனி. "இங்கே என்ன பனியா கொட்டுது, தண்ணியே போதும்" என்று போர்த் தண்ணீரை ஊற்றுவது. வீட்டு ஹீட்டரைத் திறந்து பார்த்தவர்களுக்கு அந்த உப்புப் படிவம் தெரியும். ரேடியேட்டரின் மயிரிழைக் குழாய்களில் அதுவே படிந்தால் என்ன ஆகும்? கூலண்ட் பனிக்காக மட்டும் இல்லை, துருப் பிடிக்காமல் இருக்கவும் கொதிநிலையை ஏற்றவும்தான். அதற்காகத் தண்ணீரே கலக்காமல் ஊற்றுவதும் தப்பு, சூட்டைச் சுமப்பதில் தண்ணீருக்கு ஈடு இல்லை. பாதிக்குப் பாதி, பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்ட் வாட்டருடன். நிறத்தை நம்பாதீர்கள். பிங்க் எல்லாம் ஒன்றல்ல, பச்சை எல்லாம் ஒன்றல்ல. வகை மாறிக் கலந்தால் குழகுழவென்று கூழாகலாம்.

ஏர் ஃபில்டர் பற்றிச் சுருக்கமாக: செம்மண் ரோட்டில் ஓடுகிற காருக்குக் கையேடு சொல்வதில் பாதித் தூரத்திலேயே திறந்து பாருங்கள். எண்ணெய் தடவிய பருத்தி ஃபில்டரில் எண்ணெய் கூடினால் காற்றை அளக்கும் சென்சாரில் படியும். எனக்குக் காகித ஃபில்டரே போதும்.

கடைசியாகக் கியர்பாக்ஸ். என் காரில் இருப்பது ஆயிலில் நனைந்த கிளட்ச் கொண்ட ஆறு கியர் டிஎஸ்ஜி (இரட்டைக் கிளட்ச் ஆட்டோமேட்டிக்), 60,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை ஆயிலும் ஃபில்டரும் மாற்ற வேண்டும். பழைய போலோ ஜிடி டிஎஸ்ஐயில் இருக்கும் ஏழு கியர் பெட்டி உலர் கிளட்ச், அதற்கு ஆயிலே வேறு. இரண்டும் டிஎஸ்ஜிதானே என்று மாற்றி ஊற்றினால் செலவு லட்சங்களில் வரும். என் பெட்டியில் கூடுதல் ஆயிலை வழியவிட்டுத்தான் அளவைப் பார்க்க வேண்டும். அப்போது எஞ்சின் ஓடிக்கொண்டிருக்க வேண்டும், கியர் ஆயில் 35 முதல் 45 டிகிரிக்குள் இருக்க வேண்டும். சித்திரையில் மத்தியானம் காரை எடுத்துவிட்டு இதைச் செய்யப் பார்த்தேன். ஸ்கேனரில் 70க்கு மேல் காட்டியது, பொழுது சாய்ந்தும் 45க்கு இறங்கவில்லை. செட்டுக்குள் அடைந்த சூடே நாற்பதை ஒட்டி இருந்தால் எங்கே இறங்கும்? விடிகாலை ஐந்து மணிக்கு, ராத்திரியெல்லாம் ஆறிய காரில் செய்ததும் பத்து நிமிடத்தில் முடிந்தது. அந்தச் சூட்டு வரம்பைப் பார்க்காமல் அளந்தால், ஆயில் விரிந்திருக்கும் நிலையில் வழியவிட்டு, பெட்டியில் குறைவாக வைத்து மூடிவிடுவோம்.

வடித்த பழைய ஆயிலை வேலிக்கம்புக்குக் கரையான் வராமல் பூசுகிற பழக்கம் எங்கள் தெருவில் இன்னும் இருக்கிறது. மழை வந்தால் அது கழுவிப் போய்ச் சேருவது ஊருணிக்குத்தான். நான் கேனில் அடைத்து வைத்து, பழைய ஆயில் எடுக்க ஆள் வருகிற ஒர்க்‌ஷாப்பில் கொடுத்துவிடுகிறேன். அவர்கள் கேனைத் திருப்பித் தருவதில்லை என்பது மட்டும்தான் குறை.