உங்க கெக்கோ தன் வாசனைய கண்டுபிடிக்குதான்னு காட்டன் பட்ஸ் வெச்சு பாக்குறது எப்படி?

கண்ணாடி முன்னாடி நிக்க வெச்சு தன்னைத் தெரியுதான்னு பாக்குற டெஸ்ட், 1970ல சிம்பன்ஸிங்களுக்கு செஞ்சது, கெக்கோ மாதிரி பல்லி ஜாதிக்கு சரிப்படவே படாது, ஏன்னா அதுங்க ஆளு அடையாளம் தெரிஞ்சுக்கறது பெரும்பாலும் வாசனையிலதான். 2023ல சுவிட்சர்லாந்துல பெர்ன் யுனிவர்சிட்டிய சேர்ந்த பிர்கிட் சாபோவும் இவா ரிங்லரும் டோக்கேங்கற வகை கெக்கோங்களுக்கு பட்ஸ்ல வாசனை எடுத்து நீட்டினாங்க. தன்னோடது எது, அடுத்ததோடது எதுன்னு அதுங்க பிரிச்சுக் காட்டுச்சு, தோல் வாசனையிலயும் சரி, எச்சத்து வாசனையிலயும் சரி.

வீட்ல கெக்கோ வளக்குறவங்க இத செஞ்சு பாக்கலாம். மூணு காட்டன் பட்ஸ் போதும். ஒண்ண வெறும் தண்ணில நனைங்க, ஒண்ண உங்க கெக்கோவோட தோல்ல மெதுவா தேய்ங்க, இன்னொண்ண அதே பாலினத்து வேற கெக்கோ மேல தேய்ங்க, ஆனா அது நோய் இல்லாததுன்னு தெரிஞ்சா மட்டும், ஏன்னா பட்ஸ் வழியாவே தொத்து பரவிடும். கையுறை போட்டுக்கோங்க, இல்லன்னா நம்ம கை வாசனையும் அதுல கலந்துடும், டோக்கே கடிச்சா வேற லேசுல விடாது.

இதுங்க ராத்திரி நடமாடுறதுங்க, அதனால பொழுது சாஞ்சப்புறம் பாருங்க. நீளமான இடுக்கில பட்ஸ புடிச்சு மூஞ்சிக்கு ரெண்டு மூணு சென்டிமீட்டர் தள்ளி நீட்டிட்டு அசையாம இருங்க. சட்டுனு நாக்கு நுனி வெளிய வந்து போகும் பாருங்க, காத்துலயும் பட்ஸ்லயும் இருக்கற வாசனைத் துகள அள்ளி மேலண்ணத்துல இருக்கற ஜேக்கப்சன் உறுப்புக்கு கொண்டுபோறது அதுதான். எந்த பட்ஸுக்கு எத்தனை தடவைன்னு அத எண்ணி ஒப்பிடுங்க. டோக்கேக்கு இமை கிடையாது, கண்ணையே நக்கி சுத்தம் பண்ணும், அந்த நக்கல கணக்குல சேத்துடாதீங்க, புதுசா பாக்குறவங்க பலரும் இங்கதான் கோட்டை விடுறாங்க.

பட்ஸ மோந்ததும் போன்ல வீடியோவ நிறுத்திடாதீங்க. எனக்கு ரொம்ப புடிச்ச இடமே அதுக்கு அப்புறம்தான். அது மெல்லத் திரும்பி தன் கூண்டு சுவத்தயும் தரையயும் நாக்கால தொட்டுப் பாக்கும், அங்க படிஞ்சு கிடக்கறது அதோட சொந்த வாசனை, இப்ப மோந்தத அதோட ஒப்பிடுதுன்னுதான் பெர்ன்லயும் நெனச்சாங்க. அதனால டெஸ்ட்டுக்கு முன்னாடி கூண்ட கழுவவே கழுவாதீங்க. ஒரு நாளைக்கு ஒரு பட்ஸ் போதும், அந்நிய வாசனைக்கு வால ஆட்டி, வாயப் பொளந்து மெரட்டுச்சுன்னா உடனே எடுத்துடுங்க, முடிஞ்சதும் கைய சோப்பு போட்டு கழுவிடுங்க.