மெதுவாக வளரும் செடி, அவசரப்படும் கை: சின்ன மீன் தொட்டிக்குச் செடி வாங்கும்போது தவிர்க்க வேண்டியவை

ஊதா நிறத்தில், ஓரம் சுருங்கிய இலைகளோடு ஒரு செடி. வீட்டுக்குப் பக்கத்துக் கடையில் மற்ற செடிகளோடு அதுவும் தொட்டிக்குள் முழுசாக முங்கித்தான் இருந்தது. "இது தண்ணிக்குள்ள வளருமாண்ணா?" என்று கேட்டேன். "தண்ணிக்குள்ளதானே சார் இருக்கு" என்றார். என்ன பதில் சொல்வது? வாங்கி வந்து நட்டேன். மூன்றாவது வாரம் அடி இலைகள் கண்ணாடி போலாகி, தொட்டதும் ஊறிய அப்பளம் மாதிரி விரலோடு வந்தன. தண்ணீர் கலங்கியது. கப்பி மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. பிறகுதான் தெரிந்தது, அது ஹெமிகிராஃபிஸ். பால்கனித் தொட்டியில் வைத்திருந்தால் இன்றைக்கும் உயிரோடு இருந்திருக்கும்.

அதற்குப் பிறகு நிறையச் செடிகளைக் கொன்றேன். இப்போது ஒன்றரை அடித் தொட்டி ஒன்று ஹாலில் ஓரளவு பச்சையாக ஓடிக்கொண்டிருக்கிறது. திரும்பிப் பார்த்தால் நான் செய்த தவறுகள் பெரும்பாலும் ஒரே இடத்தில் போய் முட்டுகின்றன. குறைந்த வெளிச்சத்தில் வாழும் செடி என்றால் மெதுவாக வளரும் செடி என்று அர்த்தம். நிழலில் கிடைக்கிற கொஞ்ச வெளிச்சத்துக்கு ஏற்றபடி தன் வேகத்தைக் குறைத்துக்கொண்டு பிழைப்பது அது. என் அனுபியாஸ் நானா மாதத்துக்கு ஒரு இலை விடும். சில மாதம் அதுவும் கிடையாது. இந்த வேகம் நமக்குப் பிடிபடாதவரை கை சும்மா இருக்காது.

தண்ணீரில் இருப்பதெல்லாம் நீர்ச்செடி இல்லை

சென்னையில் அலங்கார மீன் கடைகளுக்குப் பேர்போன கொளத்தூர் வீதிகளில் ஒரு நடை போய் வந்தால் இந்தப் பட்டியல் கண்ணில் படும்: லக்கி பேம்பூ, வெள்ளைக் கோடு போட்ட டிராசீனா, சிங்கோனியம், அக்லோனிமா, மாண்டோ புல், பீஸ் லில்லி. இவற்றில் பலவற்றின் வேர் தண்ணீரில் நிற்கும், இலை காற்றில் இருக்க வேண்டும். லக்கி பேம்பூ மூங்கிலே இல்லை, அதுவும் ஒரு டிராசீனாதான். முழுசாக முக்கினால் உடனே சாகாது, அதுதான் சிக்கல். ஒரு மாதமோ மூன்று மாதமோ பச்சையாகவே நின்று ஏமாற்றிவிட்டு அழுகும். அழுகும்போது அம்மோனியாவைத் தண்ணீரில் விடும். முப்பது நாற்பது லிட்டர் தொட்டியில் அது மீனுக்கு ஆபத்து.

வெளியே எடுத்துப் பிடித்தால் நிமிர்ந்து நிற்பது நிலச்செடி, தொங்கிப்போவது நீர்ச்செடி என்று ஒரு கைவைத்தியம் சொல்வார்கள். அனுபியாஸிடம் அது செல்லாது. தடித்த தோல் இலையோடு விறைப்பாக நிற்கும், ஆனாலும் தண்ணீருக்குள் ஆண்டுக்கணக்கில் வாழும். எனவே பெயரைத் தெரிந்துகொண்டு போவதுதான் ஒரே வழி. சின்னத் தொட்டிக்கு நான் சொல்லும் பெயர்கள்: அனுபியாஸ் நானா, ஜாவா ஃபெர்ன், ஜாவா மாஸ், கிரிப்டோகொரைன் வெண்டியை. பின்பக்கத்துக்கு உயரம் வேண்டுமென்றால் வாலிஸ்நேரியா. புசெஃபலாண்ட்ரா அழகுதான், ஆனால் போர்னியோ ஓடைப் பாறைகளில் வளர்வது. நம் ஊர் மே மாதத்தில் என் வீட்டில் அது தாக்குப்பிடிக்கவில்லை.

அனுபியாஸ் என்று கேட்டால் பார்டெரி வகையைத் தூக்கிக் கொடுத்துவிடுவார்கள். ஒரு அடித் தொட்டியை அது ஒன்றே அடைத்துக்கொள்ளும். நானா என்று அழுத்திச் சொல்லுங்கள். அமேசான் ஸ்வோர்டும் அப்படித்தான், கையில் வாங்கும்போது குட்டி, பிறகு முழங்கை நீளம். சிவப்புச் செடிகளும் தரையில் புல் மாதிரிப் படர்பவையும் கடை விளக்கில் ஜொலிக்கும். குறைந்த வெளிச்சத்தில் அந்தச் சிவப்பு நிற்காது, படர்வது மேல்நோக்கி நீண்டு நோஞ்சானாகும்.

குறைந்த வெளிச்சம் என்றால் இருட்டு இல்லை

இங்கே இரண்டு பக்கமும் சறுக்குகிறோம். ஹால் டியூப்லைட்டே போதும் என்று விடுகிறவர்கள் ஒரு பக்கம். செடி வளரவில்லையே என்று பன்னிரண்டு மணி நேரம் விளக்கைப் போடுகிறவர்கள் இன்னொரு பக்கம். நான் இரண்டாவது கட்சி. மெதுவாக வளரும் இலை அதிக வெளிச்சத்தைப் பயன்படுத்திக்கொள்ளாது. மிச்ச வெளிச்சம் பாசிக்குப் போகும். வேகமாக வளரும் செடி என்றால் பாசி பிடித்த பழைய இலையை வெட்டிவிட்டுப் புதிதை நம்பலாம். அனுபியாஸில் ஒரு இலையை வெட்டினால் ஒரு மாத உழைப்பு போச்சு.

ஒன்றரை அடி, இரண்டு அடித் தொட்டிக்கு விலை உயர்ந்த விளக்கு தேவையில்லை. மளிகைக் கடையிலேயே கிடைக்கும் 'கூல் டேலைட்' எல்.இ.டி. பல்பு பெரும்பாலும் 6500 கெல்வின்தான், செடிக்கு அது சரியான வெள்ளை. மேலே ஒரு கண்ணாடி மூடி, பல்புக்கு ஒரு ரிஃப்ளெக்டர், 9 வாட். என் தொட்டி அதில்தான் ஓடுகிறது. தொட்டியோடு சேர்த்துத் தரும் நீல விளக்கு மீன் நிறத்தைக் காட்டத்தான், அதை மட்டும் நம்பிச் செடி வைக்காதீர்கள். நேரம் ஆறிலிருந்து ஏழு மணி. டைமர் வாங்குங்கள், ஆனால் முள் சுற்றும் டைமர் கரண்ட் போனால் தானும் நின்றுவிடும். இரண்டு மின்வெட்டுக்குப் பிறகு என் தொட்டி ராத்திரி ஒன்றரை வரை விழித்திருந்தது.

ஜன்னலோரம் வைத்தால் செலவில்லாத வெளிச்சம் என்று தோன்றும். மேற்குப் பார்த்த ஜன்னலில் சென்னை வெயில் எப்படி அடிக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. ஒரே வாரத்தில் தண்ணீர் பச்சைப்பயறு வேகவைத்த நீர் மாதிரி ஆகிவிடும்.

புதைக்காதீர்கள்

அனுபியாஸையும் ஜாவா ஃபெர்னையும் கையில் எடுத்துப் பாருங்கள். இலைகள் எல்லாம் ஒரு படுத்த தண்டிலிருந்து கிளம்பும், பார்க்க மெலிந்த இஞ்சித்துண்டு மாதிரி இருக்கும். அதன் அடியிலிருந்து வேர் இறங்கும். அந்த இஞ்சித்துண்டைக் கிராவலுக்குள், அதாவது தொட்டி அடியில் பரப்பும் பொடிக்கற்களுக்குள், புதைத்தால் அழுகும். செடி என்றால் மண்ணில் ஊன்றுவது என்று பழகிய கைக்கு இது வராது. கல்லிலோ மரக்கட்டையிலோ வைத்துக் கட்டிவிட வேண்டும். பருத்தி நூல் போதும், நூல் மக்குவதற்குள் வேர் பிடித்துக்கொள்ளும். ஃபெவிக்விக் மாதிரியான பசையும் நல்லது. தண்டையும் கல்லையும் டிஷ்யூவால் ஒற்றி, ஒரு சொட்டு வைத்து அழுத்தி, ஒரு நிமிஷம் கழித்துத் தண்ணீரில் விடலாம். பசை வெள்ளையாக இறுகும், மீனுக்கு ஒன்றும் செய்யாது.

வாங்கும்போதே இந்தத் தண்டை விரலால் மெல்ல அழுத்திப் பாருங்கள். கெட்டியாக இருக்க வேண்டும். கொழகொழவென்று அமுங்கி, முகர்ந்தால் வாடை வந்தால், இலை எவ்வளவு பச்சையாக இருந்தாலும் வைத்துவிட்டு வாருங்கள்.

ஜாவா ஃபெர்ன் இலையைத் திருப்பினால் பழுப்புப் புள்ளிகள் வரிசையாக இருக்கும். நோய் என்று நினைத்து நான் ஒரு செடியை மொட்டை அடித்திருக்கிறேன். அவை வித்துப்பைகள். பழைய இலை நுனியிலேயே குட்டிச்செடி முளைத்து, மயிர் மாதிரி வேர் தொங்கும். அதைக் கிள்ளி வேறொரு கல்லில் கட்டினால் அடுத்த செடி.

கிரிப்ட் கரைந்தால் பொறுங்கள்

கிரிப்டோகொரைன் வெண்டியை நம் பக்கத்து இலங்கைச் செடி. அனுபியாஸ் போலில்லாமல் இது மண்ணில் ஊன்ற வேண்டியது, வேரிலிருந்து தின்பது. வாங்கி நட்ட பத்து நாளில் எல்லா இலையும் கூழாகிவிடும். பலர் அன்றைக்கே பிடுங்கி எறிந்துவிடுகிறார்கள். பண்ணையில் பெரும்பாலும் இலை காற்றில் இருக்கும்படி வளர்க்கிறார்கள். அந்த இலைக்குத் தண்ணீருக்குள் வாழத் தெரியாது. அது போய், தண்ணீருக்கான மெல்லிய இலை புதிதாக வர வேண்டும். கூழான இலைகளை மட்டும் வெட்டி எடுத்துவிட்டு, வேரைத் தொடாமல் விடுங்கள். மூன்று நான்கு வாரத்தில் கிராவலுக்கு நடுவே சுருட்டிய தாள் மாதிரி ஒரு முனை எட்டிப் பார்க்கும்.

முளைத்த பிறகும் இன்னும் இரண்டு அங்குலம் தள்ளி நட்டால் நன்றாக இருக்குமே என்று தோன்றும். பிடுங்கி நட்டால் மறுபடி கரையும். நடுவதற்கு முன்பே இடத்தை முடிவு செய்துகொள்ளுங்கள். வேரைச் சுற்றி வரும் சாம்பல் நிறப் பஞ்சையும், ஈயப் பட்டையையும் முதலிலேயே எடுத்துவிடுங்கள்.

நம் ஊர்த் தண்ணீர், நம் ஊர் வெயில்

வெளிநாட்டுக் குறிப்புகளைப் படித்துவிட்டு நாம் தடுமாறுவது இங்கேதான். அபார்ட்மென்ட் போர் தண்ணீர் பல இடங்களில் கடினம், குழாயில் வெள்ளையாக உப்புப் படிவதைப் பார்த்தாலே தெரியும். பயந்து முழுத் தொட்டியையும் ஆர்.ஓ. தண்ணீரால் நிரப்புகிறவர்கள் உண்டு. அதில் கால்சியமும் மக்னீசியமும் கிட்டத்தட்ட இல்லை, செடிக்கு அவை வேண்டும். பாதிக்குப் பாதி கலப்பது நல்ல வழி. வாலிஸ்நேரியாவுக்கு அந்தக் கவலையும் இல்லை. கடின நீரில் இருக்கும் பைகார்பனேட்டிலிருந்தே கார்பனை எடுத்துக்கொள்ளும், போர் தண்ணீரில் கொழிக்கும்.

பலர் கவனிக்காத ஒன்று ஆவியாகும் தண்ணீர். கோடையில் என் தொட்டியில் வாரத்துக்கு இரண்டு அங்குலம் இறங்கும். ஆவியாவது தண்ணீர் மட்டும், உப்பு உள்ளேயே தங்கும். குறைந்ததைப் போர் தண்ணீரால் நிரப்பிக்கொண்டே போனால் வாரத்துக்கு வாரம் உப்பு ஏறும். குறைந்ததை நிரப்ப ஆர்.ஓ. தண்ணீர், மாற்றுவதற்குக் கலப்புத் தண்ணீர் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஐப்பசி கார்த்திகையில் மொட்டை மாடி வாளியில் பிடித்த மழைநீரும் முதல் வேலைக்கு நன்றாக உதவும். முதல் மழையை விட்டுவிட்டுப் பிடியுங்கள்.

அக்னி நட்சத்திரத்தில் சின்னத் தொட்டியின் தண்ணீர் 31, 32 டிகிரிக்குப் போகும். மாஸ் பழுக்கும், ஜாவா ஃபெர்ன் கறுக்கும். அந்த நேரத்தில் ஐஸ் கட்டி போடுவது பெரிய தவறு, சட்டென்ற ஏற்ற இறக்கம் சூட்டைவிட மோசம். ஒரு சின்ன மேஜை விசிறியைத் தண்ணீர்ப் பரப்பின் மேல் படும்படி வைத்தால் இரண்டு மூன்று டிகிரி குறையும். கடற்காற்றில் ஈரம் அதிகமான நாளில் அவ்வளவு குறையாது. விளக்கு நேரத்தைச் சாயங்காலத்துக்கு மாற்றுங்கள். முடிந்தால் மே மாதத்தில் புதுச் செடியே வாங்காதீர்கள்.

பெசன்ட் நகர் கடற்கரையிலிருந்து மணல் அள்ளி வந்து போடுகிற பழக்கமும் இருக்கிறது. அதில் உப்பும் கிளிஞ்சல் தூளும். ஏற்கெனவே கடினமான தண்ணீர் இன்னும் கடினமாகும்.

உரமும் மருந்தும்

நர்சரி டி.ஏ.பி., யூரியா எதையும் தொட்டிக்குள் விடக்கூடாது. மீன் செத்துப்போகும். குறைந்த வெளிச்சச் செடிகளுக்கு மீன் கழிவே பெரும்பகுதி சாப்பாடு. கிரிப்ட் வேரடியில் மூன்று மாதத்துக்கு ஒரு மாத்திரை உரம், மற்றவற்றுக்கு மீன்தொட்டிக்கென்றே விற்கும் திரவ உரம் போத்தலில் சொன்னதில் பாதி. பழைய இலையில் குண்டூசி ஓட்டைகள் விழுந்து மஞ்சளானால் பெரும்பாலும் பொட்டாசியம் குறைவு. கார்பன் டை ஆக்சைடு சிலிண்டர் இந்தச் செடிகளுக்கு வேண்டியதில்லை. 'லிக்விட் கார்பன்' என்று விற்பதை வாலிஸ்நேரியா இருக்கும் தொட்டியில் ஊற்றினால் அது கரைந்துபோகும்.

நத்தை வரும், வந்தே தீரும். இலையடியில் ஜெல்லி மாதிரி முட்டை இருந்தால் விரலால் வழித்துவிட்டு, நாலு லிட்டர் தண்ணீரில் ஒரு பெரிய ஸ்பூன் படிகாரம் கரைத்து, செடியை இரண்டு மூன்று மணி நேரம் ஊறவைத்து நன்றாக அலசி நடுங்கள். இறால் வளர்ப்பவர்கள் செப்பு கலந்த நத்தை மருந்தைக் கிட்டவே சேர்க்கக் கூடாது.

கோல்ட்ஃபிஷ் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: மாஸையும் வாலிஸ்நேரியாவையும் அது மேய்ந்துவிடும். தோல் இலை அனுபியாஸும் ஜாவா ஃபெர்னும்தான் கொஞ்சம் தப்பும்.

கழித்த செடிகளை அடையாற்றிலோ பக்கத்து ஏரியிலோ வீசாதீர்கள். தென்னமெரிக்காவிலிருந்து வந்த வெங்காயத்தாமரை நம் ஏரிகளை எப்படி மூடியிருக்கிறது என்று பார்த்துக்கொண்டுதான் இருக்கிறோம். நான் மொட்டை மாடியில் பழைய செய்தித்தாளில் பரப்பி இரண்டு நாள் காயவைப்பேன். காய்ந்து சருகானதும் துளசித் தொட்டிக்குப் போகும்.